வல்லாரைக்குப் போட்ட சரி

அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தியசாலையில் மருத்துவரிடம் நான் சொன்ன முதல் சொல் ‘ஊமத்தை’. அது தவறான சொல்.

மருத்துவர் ஓர் இளம் சிங்களப் பெண். கட்டிலில் என் பத்தாம் தர மாணவி கௌசல்யா கிடந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கௌசி. அவளுடைய அம்மா புவனேஸ்வரி கொழுந்து பறிக்கும் தொழிலாளி. மகளின் வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி நின்றார். துடைக்கத் துடைக்க எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. சேலைத் தலைப்பு முழுவதும் நனைந்துவிட்டது.

“என்ன சாப்பிட்டது?” என்று மருத்துவர் தமிழில் கேட்டார்.

“ஊமத்தை, டொக்டர். சிங்களத்துல அத்தன. நான் இவளோட சயன்ஸ் டீச்சர். வெள்ளிக்கிழமைதான் வகுப்புல அந்தப் பாடம் நடத்தினேன்” என்றேன்.

அப்போது மணி இரண்டு நாற்பது. அன்றைய தேதியும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பம் இன்றும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கிழமைகளையும் மணிகளையும் மட்டும் இருந்தபடியே விட்டிருக்கிறேன். அவற்றையும் மாற்றிவிட்டால் இந்தக் கதையில் எனக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

மருத்துவர் கட்டிலுக்கு அருகில் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து சிறிய டோர்ச் ஒன்றை எடுத்து, கௌசியின் இமையை விரலால் உயர்த்தினார்.

இரண்டு பக்கமுள்ள அட்டை

அந்தப் பாடம் பாடத்திட்டத்தில் இல்லை. நானாக உண்டாக்கியது.

எங்கள் பள்ளிக்கூடம் ஹட்டனுக்குப் போகும் வழியில், ஒரு தோட்டத்தின் கீழ் எல்லையில் இருக்கிறது. அந்த ஆண்டு இரண்டாம் தவணை தொடங்கிய வாரத்தில், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் இருவர் வேலியோரத்துக் காய் ஒன்றைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தார்கள். அன்று மாலையே தேறிவிட்டார்கள். ஆனால் அதிபர் பயந்துபோனார்.

“சேர், நஞ்சுச் செடி எதுன்னு நம்ம புள்ளைங்களுக்குத் தெரியவே இல்ல. பெரிய வகுப்புக்காவது நீங்க சொல்லிக் குடுங்க. அதுங்க சின்னதுங்களுக்குச் சொல்லும்” என்றார்.

பட்டியல் போடாமல் எந்த வேலையையும் என்னால் தொடங்க முடியாது. மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். நகர நூலகத்தில் இருந்த பழைய தாவர நூல்களைப் புரட்டினேன். மருத்துவ அகராதி ஒன்றை இரவல் வாங்கினேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள ஓடைகளிலும் வேலிகளிலும் நடந்து, எந்தச் செடியை எந்த நாளில் கண்டேன் என்று குறித்தேன்.

பிறகு ஒரு பெரிய அட்டையை இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் பச்சை மையில் ‘நல்ல செடி’. வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி, குப்பைக்கீரை என்று வரிசையாக எழுதினேன். வலது பக்கம் சிவப்பு மையில் ‘நஞ்சுச் செடி’. ஊமத்தை, அலரி, ஆமணக்கு விதை, கார்த்திகைப் பூவின் கிழங்கு.

பச்சைப் பக்கத்துச் செடிகளைப் பிள்ளைகளே பறித்து வந்து கொப்பியில் ஒட்ட வேண்டும். சிவப்புப் பக்கத்துச் செடிகளை யாரும் தொடக்கூடாது. நானே காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவேன். தூர நின்று பார்த்துப் படம் வரைந்தால் போதும்.

எல்லா ஆபத்தையும் வலது பக்கத்துக்குள் அடைத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, நான்காம் பாடவேளை

ஊமத்தங்காய்களைப் பத்திரிகைத் தாளின் மேல் பரப்பி வைத்திருந்தேன். முள்ளு முள்ளாகப் பச்சைக் காய்கள். பக்கத்தில் இரண்டு பூக்கள்.

முன் வரிசையில் இருந்த லோஜினி கையை உயர்த்தினாள். எந்தப் பாடத்திலும் முதலில் உயரும் கை அவளுடையதுதான்.

“சேர், சிவராத்திரிக்கு எங்க கோயில்ல இந்தப் பூவைத்தானே வைக்கிறாங்க?”

“ஆமா.”

“அப்ப சாமிக்கு ஒண்ணும் ஆகாதா?”

பின் வாங்கிலிருந்து கௌசியின் குரல் வந்தது. “சாமி நஞ்சைத் தொண்டையிலேயே நிப்பாட்டிக்கிட்டாருடி. ஒன் தொண்டையில எதுதான் நிக்கும்? ரகசியம்கூட நிக்காது.”

வகுப்பே சிரித்தது. லோஜினியும் சிரித்தாள். அவர்கள் இருவரும் ஒரே லயத்துப் பிள்ளைகள். சிறு வயதிலிருந்து ஒன்றாகப் பள்ளிக்கு வருகிறவர்கள்.

ஊமத்தை உடலுக்கு என்ன செய்யும் என்று சொன்னேன். வாய் உலர்ந்து போகும், கண்மணி விரியும், ஆள் உளறத் தொடங்குவார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்ததும் காய்களைத் தாளோடு சுருட்டி எடுத்துப் போய் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் எரித்தேன்.

அன்று மாலை கொப்பிகளைத் திருத்தினேன். கௌசியின் கொப்பியில் வல்லாரைக்கென்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. விசிறி போன்ற இலையை நரம்பு தெரியும்படி ஒட்டியிருந்தாள். கீழே ‘பயன்: ஞாபகசக்தியைக் கூட்டும். படிக்கும் பிள்ளைகளுக்கு நல்லது’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தின் பாதியை அடைக்கும் அளவுக்குப் பெரிய சரி ஒன்றைப் போட்டேன். ‘மிக நன்று’ என்றும் எழுதினேன்.

ஒரு பழைய பதிவேடு

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

திருச்சி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள், கூடையில் என்ன கொண்டுவந்தார்களோ தெரியாது. வாயில் கீரைப் பெயர்களைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கீரை இந்தக் குளிரில் முளைக்காத இடத்தில், அதைப் போல இருந்த வேறொன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். சில செடிகளுக்குப் பெயரே இருக்கவில்லை. துரை பங்களா முற்றங்களில் வெள்ளையும் மஞ்சளுமாகத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூவை எங்கள் தோட்டத்தில் ‘பங்களா ஊமத்தை’ என்கிறார்கள். ஊமத்தை நிமிர்ந்து பூக்கும், இது தொங்கும். ஆனாலும் உறவைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் நஞ்சு. யாரோ ஒருவர் அதைப் பட்டுத்தான் அறிந்திருக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியைத் திருத்திக் கட்டியபோது பழைய பதிவேடுகளை வெளியே வீசினார்கள். மழையில் நனைவதற்கு முன் ஒன்றை நான் எடுத்து வந்தேன். கரையான் தின்றது போக மீதிப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் தேதி, பெயர், சம்பளப் பதிவான செக்ரோலில் உள்ள நம்பர், நோய். சில வரிகளில் நோய்க்கு நேராக ‘இலை தின்றது’ என்று மட்டும் இருக்கிறது. என்ன இலை என்று இல்லை. எந்த மலையில் பறித்தது என்றும் இல்லை.

தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தோட்டத்தில் மலை என்றுதான் சொல்வோம். நாலாம் நம்பர் மலை, ஒன்பதாம் நம்பர் மலை என்று எண் இருக்கும்.

அந்தப் பதிவேட்டை எழுதியவர் என்ன இலை என்று குறிக்காமல் விட்டதை நான் பலமுறை குறைசொல்லியிருக்கிறேன். எந்த மலை என்று குறிக்காததை ஒருமுறைகூடக் குறையாக நினைத்ததில்லை.

ஒன்று ஐம்பதுக்கு வந்த அழைப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மழைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியாக மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஒன்று ஐம்பதுக்குக் கைபேசி அடித்தது. லோஜினி.

“சேர், கௌசிக்கு என்னமோ ஆயிடுச்சு சேர். வாந்தி எடுக்கிறா. கையெல்லாம் நடுங்குது. ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போறாங்க.”

“என்ன சாப்பிட்டா?”

“தெரியல சேர். எல்லாரும் நஞ்சுன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை நீங்க காட்டினீங்களே, அதத்தான் தின்னுட்டாளாம்.”

“யாரு சொன்னது?”

“லயத்துல எல்லாரும் சொல்றாங்க சேர்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். “வீட்டுல ஏதும் சண்டையான்னுகூடக் கேக்கிறாங்க. அவளுக்கு அப்படி ஒண்ணும் இல்ல சேர். காலையில என்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தா.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை எத்தனை காய் கொண்டுபோனேன் என்று நான் எண்ணவில்லை. எரிக்கும்போதும் எண்ணவில்லை. மழையை மில்லிமீட்டர் கணக்கில் எழுதுகிறவன், நஞ்சுக் காய்களை எண்ணாமல் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் மேசையில் பரப்பியிருக்கிறேன்.

மோட்டார் சைக்கிளில் வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் வரை, காணாமல் போன அந்த ஒரு காய்தான் என் கண்முன் இருந்தது. அப்படி ஒரு காய் காணாமல் போகவே இல்லை.

கண்மணி

மருத்துவர் இமையை உயர்த்தினார் என்று சொன்னேன். டோர்ச் வெளிச்சத்தில் நானும் குனிந்து பார்த்தேன்.

கௌசியின் கண்மணி விரிந்திருக்கவில்லை. குண்டூசியால் குத்திய புள்ளி போலச் சுருங்கியிருந்தது.

“சேர், இது அத்தன இல்ல” என்றார் மருத்துவர். கைகள் வேலை செய்துகொண்டே இருந்தன. “அத்தன என்டா கண் பெருசாகும். வாய் காய்ஞ்சு போகும். இங்க பாருங்க, வாயில எவ்வளவு தண்ணி. வேர்வை பாருங்க. இது தோட்டத்துல பூச்சிக்கு அடிக்கிற மருந்து.”

வெள்ளிக்கிழமை நான் கரும்பலகையில் எழுதிய ஒவ்வொரு அறிகுறிக்கும் நேர் எதிராக அவள் கிடந்தாள். ஐந்து நிமிடமாக நானும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எதையும் காணவில்லை.

தாதி ஊசி போட்டார். மருத்துவர் புவனேஸ்வரியிடம் திரும்பினார்.

“அம்மா, பிள்ளை பகல் என்ன சாப்பிட்டது?”

“சோறு, பருப்பு, வல்லாரை சம்பல்.”

“நீங்களும் சாப்பிட்டதா?”

“இல்ல மிஸ். நான் துணி துவைக்கப் போயிட்டேன். அவ படிக்கப் போறேன்னு மொதல்ல சாப்பிட்டா.”

“வல்லாரை எங்க பறிச்சது?”

புவனேஸ்வரி வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று விளங்கியதை நான் கண்டேன். அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற லோஜினிதான் பதில் சொன்னாள். “மாணிக்கம் மாமாவோட லீக்ஸ் தோட்டத்துக்குக் கீழ, தண்ணி ஓடுற கான்ல பறிச்சா மிஸ். காலையில நானும் கூடப் போனேன். நான் பறிக்கல.”

வார்ட்டில், செவ்வாய்க்கிழமை

திங்கட்கிழமை மாலை வரை எதுவும் உறுதியில்லை என்றார்கள். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் போனேன். கௌசி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

புவனேஸ்வரி என்னை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“சேர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“சனிக்கிழமை சாயங்காலம் பீலியில தண்ணி புடிக்கையில மாணிக்கண்ணன் வந்து சொல்லிட்டுத்தான் போனாரு. லீக்ஸுக்கு மருந்தடிச்சிருக்கேன், ரெண்டு கிழமைக்கு அந்தக் கான் பக்கம் யாரும் போகாதீங்கன்னு. நான் கேட்டேன். பீலியில நின்ன எல்லாரும் கேட்டாங்க. எப்ப மருந்தடிச்சாலும் அவரு வந்து சொல்லுவாரு.”

“கௌசி இல்லையா?”

“அவ ஒங்க வகுப்புல இருந்தா சேர்.”

அந்தச் சனிக்கிழமை தவணைப் பரீட்சைக்கான மேலதிக வகுப்பை நான் ஐந்து மணி வரை இழுத்திருந்தேன்.

புவனேஸ்வரி தொடர்ந்து சொன்னார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் விவரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

“நான் எந்தக் கீரையையும் எங்க பறிச்சதுன்னு கேக்காம வீட்டுக்குள்ள எடுக்க மாட்டேன். மலையில நாங்க பறிக்கிறதும் அப்படித்தான். காலையில பெரட்டுல சொல்லுவாங்கல்ல, இன்னைக்கு மருந்து எந்த மலையில அடிக்கிறாங்கன்னு. அதக் கேட்டு வச்சுக்கிட்டுத்தான் கீரையில கை வைப்போம். எங்கம்மா காலத்திலேருந்து அப்படித்தான். ஞாயித்துக்கிழமையும் கேட்டேன் சேர். எந்தப் பக்கம் புள்ள பறிச்சேன்னு கேட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“கொப்பிய விரிச்சுக் காட்டினா. ‘அம்மா, இது வல்லாரைதான், சேர் சரி போட்டிருக்காரு, மிக நன்றுன்னு எழுதியிருக்காரு, பாரு’ன்னா. எவ்வளவு பெரிய சரி. நானும் பாத்தேன். படிச்ச மனுசர் பாத்துட்டாரு, அப்புறம் நான் என்னத்தக் கேக்கிறதுன்னு விட்டுட்டேன்.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். “திரும்ப ஒரு வாட்டி கேட்டிருந்தா, லீக்ஸ் தோட்டம்னு ஒரு வார்த்த அவ வாயில வந்திருந்தா, அள்ளிக் கொட்டியிருப்பேன் சேர்.”

பச்சையாகவே அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு, தேசிக்காய் பிழிந்த சம்பல். மழை இல்லாததால் பீலியில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. கௌசி இலையை ஒரு தண்ணீரில்தான் கழுவியிருக்கிறாள். மருந்து பட்ட இலைகளை வெறுங்கையால் அரை மணி நேரம் பறித்திருக்கிறாள்.

அவள் பறித்தது வல்லாரைதான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இப்போது அதே இலையைக் கொண்டுவந்து காட்டினாலும் நான் சரிதான் போடுவேன்.

வெளியே வரும்போது வாசல் கேட்டில் மாணிக்கம் நின்றார். உள்ளே வர மனமில்லாமல் நேற்றும் அங்கேயே நின்றதாகக் காவலாளி சொன்னார்.

“நான் சொன்னேனே சேர். பீலியில எல்லார்கிட்டயும் சொன்னேனே.”

“சொன்னீங்கண்ணே. கேக்க வேண்டியவளை நான்தான் வகுப்புல வச்சிருந்தேன்.”

அவர் அதை ஏற்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.

மருத்துவர் சொன்ன இன்னொன்று

வியாழக்கிழமை அந்த மருத்துவரை வார்ட்டுக்கு வெளியே நடையில் சந்தித்தேன்.

“சேர், படிப்பிக்கிற ஆள்தானே. நாங்க அந்தப் பிள்ளைக்கு என்ன ஊசி போட்டது தெரியுமா?” என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். “அத்தனயில இருக்கிற சாமான்தான். அது கண்ணைப் பெருசாக்கும், வாயைக் காய வைக்கும். அதுக்காகத்தான்.”

உடனே இன்னொன்றும் சொன்னார். “ஆனா பிள்ளைகளுக்குச் சொல்ல வேணாம் சேர். நாங்க அளவு பாத்து, கண் பாத்து, நாடி பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கிறது. யாராவது வீட்டில அந்தக் காயை அரைச்சுக் குடுத்தா ஆள் செத்துப் போகும்.”

அவர் சொன்னபடி அப்போது சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்துத்தான் வகுப்பில் சொன்னேன். அதையும் அவருடைய எச்சரிக்கையை முதலில் சொல்லி, மூன்று முறை திரும்பச் சொல்லி, அதன் பிறகுதான் சொன்னேன்.

அதிபர் அறையில்

அட்டையை அந்தப் புதன்கிழமையே சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அதிபர் கூப்பிட்டனுப்பினார்.

“ஏன் சேர் எடுத்தீங்க? அடுத்த மாசம் வலயத்துக் கண்காட்சிக்கு அதைத்தான் அனுப்பலாம்னு இருந்தேன். அதில பிழை ஒண்ணும் இல்லையே.”

“பிழை இல்ல சேர். அதுதான் பிழை.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். விளக்கினேன். எது என்று சொல்லிக் கொடுத்தேன். எங்கே, என்றைக்கு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்கத் தெரிந்த ஒரு தாயின் வாயை என் சிவப்புப் பேனா அடைத்துவிட்டது.

“இதையெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டு இருக்காதீங்க” என்றார் அவர். என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். “மருந்தடிச்சது ஒருத்தர். பறிச்சது புள்ள. ஒங்க பேரு எதுக்கு இதில?”

மறுநாள் வகுப்பில், ஊசியைப் பற்றித் தவிர, நடந்ததை எல்லாம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. லோஜினிகூடக் கையை உயர்த்தவில்லை. இப்போது பத்திரிகைக்கு நான் எழுதிவரும் இந்தத் தொடர் கட்டுரையிலும் அதை எழுதுகிறேன். அதிபர் ஓய்வு பெற்றுவிட்டார். படித்தால் மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

சாப்பாட்டுக்கு அழைப்பு

கௌசி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். பத்து நாளில் பள்ளிக்கும் வந்தாள். கேட்டால் பதில் சொன்னாள், எழுதச் சொன்னால் எழுதினாள். பின் வாங்கிலிருந்து குரல் வரவில்லை.

மூன்றாவது வாரம் புவனேஸ்வரி பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தார். வேலைக்குப் போன உடுப்பிலேயே வந்திருந்தார்.

“சேர், புள்ள பச்சையா எதையும் தொட மாட்டேங்கிறா. வெறும் சோறும் பருப்பும்தான். கறியில கெடக்கிற கறிவேப்பிலையக்கூடப் பொறுக்கி எடுத்துட்டு, அந்த எடத்துச் சோத்தையும் ஒதுக்கி வச்சிடுறா. மெலிஞ்சு போயிட்டா. வைத்தியசாலையில எல்லாம் சரின்னுட்டாங்க. அடுத்த வருசம் பரீட்சை.”

“நான் பேசிப் பாக்கட்டுமா?”

“பேச்சு வேணாம் சேர். ஞாயித்துக்கிழமை ஒரு நேரம் எங்க வீட்டுல சாப்பிடுங்க. கீரைதான் ஆக்குவேன். நீங்க சரி போட்டீங்கன்னு நம்பிச் சாப்பிட்டவ. நீங்க முன்னால ஒக்காந்து சாப்பிட்டா, அவளும் ஒரு வாய் வைப்பா.”

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குப் போனேன். லயத்தில் அவர்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பாய் விரித்திருந்தது. கௌசியின் அப்பா கொழும்பில் வேலை செய்கிறார், மாதம் ஒரு முறைதான் வருவார். ஆகையால் நாங்கள் மூவர்தான். சோறு, பருப்பு, நெத்தலிக் கருவாட்டுப் பொரியல். நடுவில் ஒரு பீங்கான் கோப்பையில் வல்லாரை. அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டியிருந்தார்.

“அதே கீரைதான் சேர். வேற கீரையா இருந்தா அவ பயம் போகாது” என்றார் புவனேஸ்வரி.

கௌசி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சோற்றில் கீரையைப் போட்டுப் பிசைந்தேன்.

“எங்க பறிச்ச, அம்மா?” என்று கௌசி கேட்டாள்.

“பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, ஊத்துப் பக்கம்.”

“அதுக்கு மேல யாரு தோட்டம்?”

“மேல தோட்டம் இல்ல. காடுதான்.”

“என்னைக்குப் பறிச்ச?”

“இன்னைக்குத்தான். வெள்ளன போயிட்டு வந்தேன்.”

“அங்க யாரும் மருந்தடிக்கலன்னு எப்படித் தெரியும்?”

“நானே நின்னு பாத்துட்டு வந்தேன் புள்ள.”

கௌசி என் பக்கம் திரும்பினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

“நீங்க பாத்தீங்களா சேர்?”

கவளம் கையில் இருந்தது. “இல்ல.”

“அப்ப எப்படிச் சாப்பிடப் போனீங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அம்மா மேல் இருக்கும் நம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். அவள் என் மேல் வைத்ததும் அதுதானே. கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

“போய்ப் பாத்துட்டு வருவோமா?”

புவனேஸ்வரி ஒரு கணம் திகைத்தார். பிறகு எழுந்து தட்டுகளின் மேல் வேறு தட்டுகளைக் கவிழ்த்து மூடினார்.

மூவரும் நடந்தோம். கவ்வாத்து வெட்டிய மலையொன்றின் ஓரமாகப் பாதை ஏறியது. தேயிலை மரங்கள் இலையில்லாமல் குச்சியாக நின்றன. பழைய பள்ளிக்கூடத்தின் கூரை எப்போதோ போய்விட்டது. சுவருக்குப் பின்னால் ஈர மண்ணில் வல்லாரை அடர்ந்து கிடந்தது. காலையில் பறித்த இடத்தில் காம்புகள் மட்டும் நின்றன.

கௌசி குனிந்து ஓர் இலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு தண்ணீர் வரும் வழியைப் பிடித்து மேலே ஏறினாள். நாங்கள் கீழேயே நின்றோம். புதருக்குள் அவள் வெள்ளைச் சட்டை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மேலே போய் நான்கு பக்கமும் பார்த்தாள். அவசரப்படவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

இறங்கி வந்தவளின் பாவாடை முழுவதும் ஒட்டுப்புல்.

“மேல தண்ணி பாறையிலேருந்துதான் வருது” என்றாள்.

வீட்டுக்கு வந்து பீலியில் கை கழுவினோம். சோறு ஆறிப் போயிருந்தது. கௌசி கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, கொஞ்சமாகக் கீரையை எடுத்துச் சோற்றோடு பிசைந்தாள். அவள் கை வாய்க்குப் போகும் வரை புவனேஸ்வரியும் நானும் தலையைத் தூக்கவில்லை. அவரவர் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.